எட்டு வருட விசுவாசம், மாறாத சுபாவம்: அன்றாடத்தில் எங்கே தொடங்குவது?

கேள்வி: "ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாசக் கூட்டம் இரண்டும் தவறுவதில்லை. ஆனால் வீட்டில் எரிந்து விழுவது குறையவில்லை. வேலையில் சின்னச் சின்னப் பொய்களும் நிற்கவில்லை. 'சபையில இருக்கிற ஆளு வேற, வீட்ல இருக்கிற ஆளு வேற' என்று மனைவி சொல்கிறாள். கிறிஸ்துவுக்குள் வளர அன்றாடம் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?"

உங்கள் மனைவி சொன்னதை முதலில் நம்புங்கள். ஒருவர் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்ந்திருக்கிறாரா என்று சொல்லத் தகுதியான சாட்சி, அவர் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்தான். கூட்டத்தில் அவர் ஜெபிப்பதைக் கேட்டவர்களுக்கு அது தெரியாது.

அடுத்து, போகும் கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது சரியாகாது. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க உபவாசம் இருந்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து சாப்பாடு ஆறிப்போயிற்று என்று தட்டைத் தள்ளுகிறவர்கள் நம் சபைகளில் உண்டு. ஏசாயா 58-ஆம் அதிகாரம் இவர்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்று அங்கே தேவன் கடிந்துகொள்கிறார். உபவாசத்தை விடச் சொல்லவில்லை. அது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராததுதான் சிக்கல்.

இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறவர்கள் உண்டு. "ஆவியானவர் மாற்றும்போது மாறும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டு சுயபலத்தில் பத்து நாள் நல்லவராக இருந்துவிட்டு பதினோராம் நாள் இரட்டிப்பாக வெடிப்பது இன்னொன்று. தென் மாவட்டங்களில் பனையேறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பதநீரைச் சுரப்பது மரம். ஏறுகிறவர் அதில் ஒரு சொட்டைக்கூட உண்டாக்குவதில்லை. ஆனால் காலையும் மாலையும் ஏறிப் பாளையை மெல்லிதாகச் சீவிவிடாவிட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். பிலிப்பியர் 2:12-13 இதைத்தான் ஒரே மூச்சில் சொல்கிறது: பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன். அந்த "ஏனெனில்" முக்கியமானது. தேவன் செய்கிறார், ஆகவே நீ சும்மா இரு என்று பவுல் எழுதவில்லை.

கலாத்தியர் 5-இல் மாம்சத்தின் கிரியைகள் என்று பன்மையில் எழுதுகிற பவுல், ஆவியின் கனி என்று வரும்போது ஒருமைக்கு மாறுகிறார். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்ற ஒன்பதும் ஒரே கனி. "எனக்கு விசுவாசம் அதிகம், சாந்தம்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லும்போது அதே கனியின் ஒரு பக்கம் அழுகியிருக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் பயிற்சி என்று வந்தால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையில் கை வைப்பதுதான் நடக்கிற காரியம். உங்கள் விஷயத்தில் கோபத்திலிருந்து தொடங்கலாம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற முயல வேண்டாம், கவனித்தால் போதும். "எனக்குக் கோபம் ஜாஸ்தி" என்பது பாவ அறிக்கை ஆகாது. அது ஜாதகக் குறிப்பு மாதிரி, மாற்ற முடியாததைச் சொல்லும் தொனி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு முறை எரிந்து விழுந்த பிறகும் எழுதுங்கள். மணி என்ன, எந்த இடம், யாரிடம், வாயிலிருந்து வந்த சொல் அப்படியே என்ன, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது. சொல்லை அப்படியே எழுத வேண்டும். "சத்தம் போட்டேன்" என்று எழுதினால் நோட்டும் உங்கள் கட்சிக்குப் பேச ஆரம்பித்துவிடும்.

பதினாலு நாள் முடிந்து புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நேரமும் ஒரே இடமும் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அது அநேகமாகக் காலை ஏழேகால் முதல் எட்டு வரை. ஒரு காலையை நிறுத்திப் பாருங்கள். மணி ஏழு நாற்பது. வேன்காரர் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறார். பிள்ளையின் ஒரு ஷூ கட்டிலுக்கு அடியில், இன்னொன்றைக் காணோம். டிபன் பாக்ஸ் மூடி பொருந்தவில்லை. "எத்தனை தடவை சொல்றது, அறிவு இருக்கா உனக்கு?" என்று அப்பாவின் குரல் எழுகிறது. அந்தக் குரலுக்குக் காரணம் ஷூ என்று தோன்றும். நோட்டில் முந்தைய அரை மணி நேரத்தை எழுதியிருந்தால் வேறு ஒன்று தெரியும்: ஒன்பது மணிக்குள் விரல் வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போகும், இந்த மாதம் ஏற்கனவே இரண்டு தடவை தாமதம், மேலாளரின் முகம் நினைவுக்கு வருகிறது. மேலாளரைப் பற்றிய பயம் பிள்ளையின் மேல் கோபமாக இறங்குகிறது. எனவே மனந்திரும்ப வேண்டிய இடம் இரண்டு: பிள்ளையிடம் பேசிய சொல், அதற்குக் கீழே கிடக்கும் பயம். இரண்டாவதைத் தொடாமல் முதலாவதை மட்டும் அடக்கினால் அது வேறு வழியில் வெளியே வரும். பல வீடுகளில் பைக் ஓட்டும்போது வருகிறது.

ஷூவையும் பையையும் இரவு ஒன்பது மணிக்கே வாசலில் எடுத்து வைப்பது ஆவிக்குரிய காரியமா என்று கேட்டால், ஆமாம் என்பேன். மாம்ச இச்சைகளுக்கு இடம் உண்டாகும்படி ஏற்பாடு செய்யாதிருங்கள் என்பதே ரோமர் 13:14-இன் கருத்து. காலையில் விழுவோம் என்று தெரிந்த குழியை இரவே மூடி வைப்பது அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான். அலாரத்தை இருபது நிமிடம் முன்னால் வைப்பதும் அப்படியே, முந்தின இரவு பதினொன்றரை வரை போனைத் தேய்க்காமல் இருந்தால்.

வெடிக்கும் அந்தக் கணத்துக்கு யாக்கோபு 1:19-இன் வரிசையே போதும்: கேட்கத் தீவிரம், பேசப் பொறுமை, கோபிக்கத் தாமதம். நடைமுறையில் இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டும், அதுவும் பதில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்கும் கேள்வி. "அறிவு இருக்கா?" கேள்வி இல்லை. "கடைசியா எங்க கழட்டினே?" கேள்வி. நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள், பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்தவுடன் குரல் தானாகவே இறங்கும். அதையும் மீறிக் கொதித்தால், "எனக்குக் கோபம் வருது, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருக்கும் இன்னொரு வகைக் கோபமாகிவிடும். நம் குடும்பங்களில் அதைச் சாந்தம் என்று தப்பாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கை நீட்டுவது வரை போயிருந்தால் இந்த நோட்டுப் பயிற்சி போதாது. அது வன்முறை. அடி வாங்குகிறவரிடம் "மன்னிச்சு, ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஆலோசகர் அந்த வீட்டுக்குத் துரோகம் செய்கிறார். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அடித்தவர் மனந்திரும்பியதற்கு அடையாளம் கண்ணீர் இல்லை. அடிபட்டவர் பாதுகாப்பாக விலகி இருப்பதற்கு அவர் தடை சொல்லாமல் இருப்பது.

இனி பொய். எபேசியர் 4:25 முதல் 32 வரை பவுல் ஒரே அச்சில் வார்க்கிறார்: இதைக் களைந்துபோடு, அந்த இடத்தில் இதைப் போட்டுக்கொள், காரணம் இது. திருடுகிறவன் திருடாமல் இருந்தால் போதும் என்று விடவில்லை; கையால் வேலைசெய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். எடுத்துக்கொண்டிருந்த கை கொடுக்கிற கையாக மாறும்வரை அந்தக் காரியம் முடியவில்லை. ஆகவே "இனிப் பொய் சொல்ல மாட்டேன்" என்று தீர்மானம் எடுப்பது பாதி வேலைதான். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய உண்மை வாக்கியத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்க வேண்டும், ஏனென்றால் சின்னப் பொய் யோசித்துச் சொல்வதில்லை, நாக்கு நுனியில் தயாராக இருப்பதால் வந்து விழுகிறது.

வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே "வந்துக்கிட்டே இருக்கேன்" என்பதற்குப் பதில், "இன்னும் கிளம்பலை, இருபது நிமிஷம் ஆகும்." முதலாளி உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னால், "இப்ப அவர்கிட்ட லைன் கொடுக்க முடியாதுங்க, தகவல் சொல்லுங்க, சேர்த்துடறேன்." இதில் பொய் இல்லை, முதலாளியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய்க்குப் போய்விட்டு, பயணப் பில்லில் இருநூறு எழுதுவது வேறு ரகம். அது பொய்யும் திருட்டும் சேர்ந்தது, "எல்லாரும் எழுதறாங்க" என்பதால் அது அலுவலக வழக்கம் ஆகிவிடாது. வீட்டில் கடன்காரர் வரும்போது "அப்பா இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அங்கே பொய்யைப் பரம்பரைச் சொத்தாக எழுதி வைக்கிறோம்.

பழகப் பழக நாக்கு முந்திக்கொண்டு விடும். அப்போது ஒரு விதி: பொய் சொன்ன அதே நாளில், சொன்ன ஆளிடமே திருத்த வேண்டும். "காலைல கிளம்பிட்டேன்னு சொன்னேன்ல, அப்ப கிளம்பலை." வெட்கமாகத்தான் இருக்கும். நாலைந்து முறை இப்படி வெட்கப்பட்ட பிறகு நாக்கு கொஞ்சம் யோசிக்க ஆரம்பிக்கும்.

எடுத்த பணத்துக்கு மன்னிப்புக் கேட்பது மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்க வேண்டும். லேவியராகமம் 6:5-இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கில் 3,000 ரூபாய் தவறாக வாங்கியிருந்தால் 600 சேர்த்து 3,600. வரி வசூலித்துவந்த சகேயு (லூக்கா 19) நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றான், யாரும் கேட்காமலே. நாம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லை என்று வாதாடுகிறவர்கள் வழக்கமாக முதலையும் சேர்த்தே அமுக்கிவிடுவார்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்பது எதிராளியின் நினைப்பைக் குற்றம் சொல்லும் வாக்கியம். செய்ததைப் பெயர் சொல்லி, "ஆனா நீயும்" என்ற சொல் இல்லாமல், இரண்டு வரியில் முடிக்க வேண்டும்: "காலைல எல்லார் முன்னாடியும் உன்னை அறிவு இருக்கான்னு கேட்டேன். அது தப்பு, என்னை மன்னிச்சிடு." பிள்ளையிடம் அப்பா இப்படிக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று ஒரு பயம் நம்மிடம் உண்டு. கொலோசெயர் 3:21-இல் பவுலின் கவலை வேறு: பிள்ளைகள் திடனற்றுப்போகக் கூடாது. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23-24. அதன்படி பார்த்தால் திருவிருந்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை மாலை இந்த வேலைக்கு நல்ல நேரம்.

வேத வாசிப்புக்கு வருவோம். வாசிக்காமல் இருப்பவர்களைவிட, வாசித்தும் மாறாதவர்களின் சிக்கலைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றே கால் அதிகாரம் வேண்டும். ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்குகிறவர்கள் லேவியராகமம் வரும் பிப்ரவரியில் பின்தங்கி, விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் பதினைந்து அதிகாரம் ஓடுவார்கள். அதில் கண்தான் நடக்கிறது. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும், இரண்டு நாள் விட்டதைப் பிடிக்க மிச்சம் இருக்கும். சங்கீதங்கள் நாளுக்கு ஐந்து வீதம் முப்பது நாள்.

உங்கள் நிலைக்கு அதைவிடவும் குறைவாகச் சொல்வேன். யாக்கோபு நிருபத்தில் 108 வசனங்கள். நாளுக்கு ஒன்பது வசனம், பன்னிரண்டு நாள். ஒன்பதையும் இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். யார் யாருக்கு எந்தச் சூழலில் சொன்னது என்று ஒரு வரி எழுதுங்கள். இன்று இரவுக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தை இன்னொரு வரியில் எழுதுங்கள். "அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குப் பாக்கிச் சம்பளம் 700 ரூபாய் இன்று கொடுக்க வேண்டும்" என்று இருக்க வேண்டும். யாக்கோபு 5:4-இல் அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வாசித்த நாளில் அதைத்தான் எழுத முடியும். தசமபாகத்தை ஒன்றாம் தேதி எடுத்து வைத்துவிட்டு, வேலைக்காரருக்குப் பத்தாம் தேதி வரை இழுத்தடிக்கும் வீடுகள் இந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இருபது நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கும். அச்சிட்ட புத்தகத்தில் வாசியுங்கள், போனில் வாசித்தால் மூன்றாம் வசனத்தில் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

வசனத்தைத் துண்டாக எடுப்பதும் வளர்ச்சியைத் தடுக்கிறது. புது வருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற எரேமியா 29:11 கையில் வந்தால் அதற்கு மேலே இருக்கும் பத்து வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று சொன்ன பிறகுதான் அந்த நம்பிக்கை வார்த்தை வருகிறது. அதை இந்த மார்ச்சுக்குள் வேலை மாற்றம் கிடைக்கும் என்று படித்தால், ஏப்ரலில் விசுவாசம் ஆட்டம் காணும்.

மனப்பாடத்துக்கு எபேசியர் 4:25-32 போதும். எட்டு வசனம், வாரத்துக்கு ஒன்று, இரண்டு மாதம். பல் தேய்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். கோபம், பொய், பணம், நாக்கு, மன்னிப்பு என்று இங்கே பேசிய அத்தனையும் அந்த எட்டுக்குள் இருக்கிறது.

ஜெபத்தில் ஒரு மாற்றம் மட்டும் சொல்கிறேன். யாரிடம் எரிந்து விழுகிறீர்களோ அவரைக் குறித்து நாளுக்கு இரண்டு நிமிடம் ஸ்தோத்திரம் மட்டும் செலுத்துங்கள். அவர் திருந்த வேண்டும் என்ற விண்ணப்பம் வேண்டாம், அவரில் நீங்கள் கண்ட ஒரு நன்மையைப் பெயர் சொல்லி நன்றி. முதல் வாரத்தில் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திணறுவீர்கள். அந்தத் திணறலே நிறையச் சொல்லும். குடும்ப ஜெபம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டு நிமிடமே போதும். முக்கியமாக, ஜெபத்துக்குள் புத்திமதியை ஒளித்து வைக்காதீர்கள். "ஆண்டவரே, கணக்கில் முப்பத்தெட்டு வாங்கின இந்தப் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடும்" என்பது ஆண்டவரிடம் பேசுவது இல்லை. பதில் பேச முடியாதபடி கண்ணை மூட வைத்துவிட்டுப் பிள்ளையைத் திட்டுவது. பெரியவர்களான பிறகு ஜெபத்தை வெறுக்கும் பிள்ளைகள் பலருக்குத் தொடக்கம் இங்கேதான்.

இரவில் பத்து நிமிடம் அந்த நாளைத் திரும்பிப் பாருங்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வகுத்தார், அது அடங்கிய நூலுக்கு 1548-இல் ரோமில் ஒப்புதல் கிடைத்தது. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அவருடைய முதல் தோழர்களில் ஒருவர். நன்றி சொல்வது, பார்க்க வெளிச்சம் கேட்பது, நாளை மணி மணியாகப் புரட்டுவது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் என ஐந்து படிகள். ஒரே ஒரு குறையைக் களைய அவர் தனிக் கணக்கும் சொல்கிறார்: நாளுக்கு இரண்டு கோடு, பகல் வரை ஒன்று, இரவு வரை ஒன்று, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. இன்றைய புள்ளிகளை நேற்றோடும் இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த அந்தக் கணத்தில் கையை நெஞ்சில் வைக்கச் சொல்கிறார், நாலு பேர் நடுவிலும் யாரும் கவனிக்காமல் செய்யக்கூடியது. புராட்டஸ்டண்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கிரியையினால் நீதிமானாகப் பார்ப்பது போலத் தோன்றலாம். புள்ளி வைப்பது நீதிமானாவதற்கு இல்லை. ஏற்கனவே மன்னிக்கப்பட்டவர்தான் பயமில்லாமல் தன் கணக்கைத் திறந்து பார்க்க முடியும். நன்றி சொல்லும் முதல் படியை விட்டுவிட்டால் மட்டும் இது நாளடைவில் சுயவதையாகிவிடும், அந்தப் படியைத் தாண்டக் கூடாது.

தனியாக இதெல்லாம் மூன்று வாரம் ஓடும். அதற்கு மேல் ஓட ஒரு ஆள் வேண்டும். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெத்தடிஸ்டுகளுக்கு ஆராதனைக் கட்டடத்தின் கடன் இருந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூல் என்று ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போன தலைவர்களுக்கு, வாழ வேண்டியபடி யார் வாழவில்லை என்பது தெரிய வந்தது. அவர்களுடைய தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு பேர் குழுவையே ஆத்தும விசாரிப்புக்கான அமைப்பாக மாற்றினார். கடன் வசூலில் பிறந்த பக்திவிருத்தி என்று சொல்லலாம்.

உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். ஆண் என்றால் இரண்டு ஆண்கள், பெண் என்றால் இரண்டு பெண்கள், வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம். டீக்கடை பெஞ்சு போதும். கேள்விகள் மாறக் கூடாது: போன வாரம் எங்கே விழுந்தாய், யாரிடம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது, சரிசெய்தாயா, பணத்தில் ஒளித்தது உண்டா. யாக்கோபு 5:16 சொல்வது ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவதை; ஒருவர் மட்டும் கேட்பதும் மற்றவர் மட்டும் அழுவதும் அங்கே இல்லை. இது கெட்டுப்போகும் வழி ஒன்றே: ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அது வெளியே போவது. "நம்ம பிரதருக்காக ஜெபிச்சுக்கோங்க, வீட்டுல கொஞ்சம் பிரச்சினை" என்று வாலிபர் ஐக்கியக் குழுவில் ஒரே ஒரு செய்தி வந்தால் போதும், அந்த மனிதர் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

நம் சபைகளில் மனந்திரும்புதல் சொந்தக் குறையைத் தொடுவதோடு நின்றுவிடுகிறது, ஜாதிக் கோட்டைத் தாண்டுவதில்லை. கோபத்தைப் பற்றி அழுது ஜெபிக்கிறவர், பெண் பார்க்கும்போது "விசுவாசக் குடும்பமா, நம்ம ஆளுங்களா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறான நடை என்று எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2). சாப்பாட்டுப் பந்தியில் விலகியதற்கே அவ்வளவு. கமிட்டித் தேர்தல் சமயத்தில் எந்த ஆவியின் கனி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், உங்கள் நோட்டுக்கு நிறையப் பக்கங்கள் கிடைக்கும்.

விசுவாசம் வறண்டுபோகும் காலமும் வரும். ஜெபம் கூரையில் முட்டித் திரும்புவது போல இருக்கும். 88-ஆம் சங்கீதம் முதல் வசனத்திலிருந்து கதறி, கடைசியில் இருளில்தான் முடிகிறது, துதியில் முடியவில்லை. அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதே ஆறுதல். வார்த்தை வராத நாளில் அதை வாசித்துவிட்டுப் படுத்தால் அன்றைய ஜெபம் முடிந்தது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன, எலியா சாப்பிட்டான், படுத்தான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். எனவே தூக்கமும் பசியும் சில வாரங்களுக்கு மேல் கெட்டிருந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதை "விசுவாசக் குறைவு" என்று சொல்லி இன்னொரு உபவாசத்தை ஏற்றாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். குடியும் அப்படியே, ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும்.

வளர்கிறீர்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் கேட்டிருந்தீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கோபமே வராத நாளை எதிர்பார்க்க வேண்டாம். எரிந்து விழுந்ததற்கும் மன்னிப்புக் கேட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் இன்னொரு கட்டம் போட்டு எழுதுங்கள். தொடக்கத்தில் அது மூன்று நாளாக இருக்கும், சில நேரம் மன்னிப்பே இருக்காது. பிறகு மறுநாள் காலை. பிறகு அதே இரவு, சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் என்ற வசனத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில். பிள்ளை வேன் ஏறுவதற்குள் கேட்டு முடிக்கிற காலை ஒன்று வரும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை மனைவியிடம் கொடுத்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதும்போது பக்கத்தில் நின்று விளக்கம் கொடுக்காதீர்கள்.